புல்வெளி, காட்டுப் பாதை நடைக்குப் போகிறவர்களுக்கு: உண்ணிக் கடியைத் தவிர்க்கும் வழி

உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழவும் செய்யாது. புல் நுனியிலோ தாழ்ந்த புதரிலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். நாம் உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். எல்லா உண்ணிகளும் லைம் நோயை (உண்ணிக் கடியால் வரும் பாக்டீரியா தொற்று) பரப்புவதில்லை. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் சில பகுதிகளில் இருக்கும் இக்சோடஸ் வகை உண்ணிகள்தான் இந்நோயைத் தரும் பொரேலியா என்ற பாக்டீரியாவைக் கடத்துகின்றன.

படி 1: உடை

முழுக்கைச் சட்டை, முழுநீள பேன்ட். பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை. வெளிர் நிறத் துணியில் உண்ணி ஊர்வது சட்டென்று தெரியும்.

படி 2: பூச்சி விரட்டி

துணிக்கும் ஷூவுக்கும் 0.5% பெர்மெத்ரின். இதைத் தோலில் போடக் கூடாது. முந்தைய நாளே தெளித்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் காயும்வரை பூனையை அருகில் விடாதீர்கள், அதற்கு இது நஞ்சு. தோலுக்கு 20 முதல் 30% டீட், அல்லது 20% பிகாரிடின். சன்ஸ்கிரீன் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசிவிட்டு, மேலே இதைப் பூசுங்கள்.

படி 3: நடக்கும்போது

பாதையின் நடுவிலேயே போங்கள். உயர்ந்த புல்லிலும் சருகுக் குவியலிலும் உட்கார வேண்டாம்.

படி 4: திரும்பியதும் சோதனை

மற்றதில் அசந்தாலும் இதில் அசராதீர்கள். பாக்டீரியா உண்ணியின் குடலில் இருக்கும். உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் பாக்டீரியா மெல்ல அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து நம் உடம்புக்குள் வரும். இதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் ஒட்டியதை இரவில் கண்டுபிடித்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

போட்டிருந்த துணியை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டுங்கள். குளிர்ந்த நீரில் துவைத்தால் உண்ணி சாகாது. 2 மணி நேரத்துக்குள் குளித்துவிடுங்கள். அப்புறம் நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியோடு தேடுங்கள்: அக்குள், காதின் பின்புறம், தலைமுடி, தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம். இளம் உண்ணி ஒரு கசகசா அளவுதான் இருக்கும். மச்சம் என்றே நினைத்து விட்டுவிடத் தோன்றும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், புதிதாக ஏதாவது நெருடினால் உருப்பெருக்கியில் பாருங்கள், கால்கள் தெரியும். கூட வந்த நாயையும் மறக்காதீர்கள்.

படி 5: ஒட்டியிருந்தால் எடுப்பது

நுனி கூர்மையான ட்வீசரால், தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடியுங்கள். வயிற்றை நசுக்கக் கூடாது. திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். தோல் கொஞ்சம் கூடாரம்போல எழும்பும், பிறகு விட்டுக்கொடுக்கும். வாய்ப்பகுதி உள்ளே உடைந்து நின்றால், சுலபமாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் தோண்ட வேண்டாம், தோலே தள்ளிவிடும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த உண்ணியை ஆல்கஹாலில் போடுங்கள் அல்லது டேப்பில் இறுக ஒட்டிவிடுங்கள்.

வாசலின் தடவுவது, நெயில் பாலிஷ் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாத வேலை. உண்ணி தானாகக் கழன்றுகொள்ளும் என்று காத்திருக்கும் நேரம் முழுக்க அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

படி 6: அடுத்த 30 நாள்

கடித்த தேதியையும் இடத்தையும் போனில் குறித்துவையுங்கள். உடனே வரும் சின்னச் சிவப்பு ஓரிரு நாளில் போய்விட்டால் கவலை இல்லை. 3 முதல் 30 நாளுக்குள் ஒரு சிவந்த தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் விரிந்தால், அல்லது காய்ச்சலும் அசதியும் மூட்டு வலியும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். தடிப்பு வட்டத்துக்குள் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. நோய் அதிகமுள்ள பகுதியில், நெடுநேரம் ஒட்டியிருந்த உண்ணி என்றால் தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். எடுத்த 72 மணி நேரத்துக்குள் போனால், தேவைப்பட்டால் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து தருவார்கள். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும், அதனால் விரியும் தடிப்பைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.