இழுத்தால் ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா? எக்செல்லிலும் கால்க்கிலும் ஆட்டோஃபில்லை நம் சொல்படி கேட்க வைப்பது

மொய்க் கணக்கை ஷீட்டில் ஏற்றும்போது புதிதாக வருகிற எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கல்யாணத் தேதியை முதல் வரியில் அடித்துவிட்டு, செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார்கள். முதல் வரியில் 05-02-2026 இருக்கும். முந்நூறாவது வரியில் 01-12-2026 இருக்கும். காலையில் திருப்பூட்டி (தாலி கட்டி), மத்தியானம் பந்தி முடிந்த கல்யாணத்துக்கு டிசம்பர் வரை மொய் வந்ததாகக் கணக்கு சொல்லும். "ஏண்ணே, ஒரு நாள் கல்யாணத்துக்கு பத்து மாசம் மொய் எழுதினீங்களா?" என்று யாராவது கேட்கும் வரை அது கண்ணிலும் படாது.

ஷீட்டின் மேல் தப்பில்லை. இப்படி மூலையை இழுத்து நிரப்புவதற்குத்தான் ஆட்டோஃபில் என்று பெயர். இழுக்கும்போது நமக்கு வேண்டியது நகலா, வரிசையா என்று அதற்குத் தெரியாது, ஊகிக்கிறது. அந்த ஊகம் எப்படி நடக்கிறது, அதை எப்படி மாற்றுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். செல் பெயர்களை இங்கே தமிழில் பி2, சி4 என்று எழுதினாலும், ஷீட்டில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை ஷீட்

புது ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் தலைப்பு போடுங்கள்: ஏ பத்தியில் வரிசை எண், பி பத்தியில் தேதி, சி பத்தியில் ஊர், டி பத்தியில் பின்கோடு. இரண்டாம் வரிசையில் 1, 05-02-2026, காரைக்குடி, 630001 என்று அடியுங்கள்.

இப்போது பி2-வைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். ஃபில் ஹேண்டில் என்பது அதுதான். அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அம்பு மெல்லிய கூட்டல் குறியாக மாறும். அப்படி மாறிய பிறகு அழுத்திப் பிடித்து, பத்து வரிசை கீழே இழுத்துவிடுங்கள். மாறுவதற்கு முன்னால் செல்லின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் செல்லே இடம் பெயர்ந்துவிடும்; கண்ட்ரோல் + இசட் அடித்து மீட்டுக்கொள்ளலாம்.

நான்கு செல்லையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். தேதி ஒவ்வொரு நாளாக ஏறும். காரைக்குடி அப்படியே காரைக்குடியாக இறங்கும். இது வரை இரண்டு மென்பொருளும் ஒன்றுதான். எண்ணில்தான் பிரிகிறார்கள். எக்செல்லில் ஒற்றை எண்ணை இழுத்தால் அதே எண் நகலாகும். 1 எல்லா வரியிலும் 1 ஆகவே நிற்கும். கால்க்கில் இழுத்தால் 1, 2, 3 என்று ஏறும்.

வரிசை எண்ணுக்கு கால்க் செய்வது வசதி. பின்கோட்டுக்கு அதுவே வினை. 630001-ஐ இழுத்தால் அடுத்த வரி 630002, அதற்கடுத்தது 630003. இவை மூன்றுமே காரைக்குடி பின்கோடுகள்தான். அதனால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது, அந்த முகவரிக்கு அனுப்பும் கல்யாணப் பத்திரிகை மட்டும் வேறு தபாலாபீஸுக்குப் போய்ச் சேரும். தேதி தப்பினால் பளிச்சென்று தெரிந்துவிடும். பின்கோடு, ரசீது எண், செல்போன் எண் மாதிரி சங்கதிகளில்தான் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல் என்னும் திருப்பு சாவி

இழுக்கும்போது கண்ட்ரோல் சாவியை அழுத்திப் பிடித்தால் ஊகம் தலைகீழாகும். ஏற வேண்டியது நிற்கும். எக்செல்லில் நின்றுகொண்டிருந்த ஒற்றை எண் ஏறும்.

தேதிக்குச் செய்து பார்ப்போம்:

1. பி2-வைக் கிளிக் செய்யுங்கள்.
2. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மூலைச் சதுரத்தைக் கீழே இழுங்கள். எக்செல்லில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கூட்டல் குறி தெரியும்.
3. முதலில் மவுஸை விடுங்கள், அப்புறம் கண்ட்ரோலை.

மூன்றாவது படியை மாற்றிச் செய்தால் பலன் இல்லை. கண்ட்ரோலை முதலில் விட்டுவிட்டால் ஷீட் பழையபடி தன் போக்கில் நிரப்பிவிடும். "கண்ட்ரோல் அழுத்தினேனே, வேலை செய்யலையே" என்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம்.

இதே முறையில் எக்செல்லில் ஏ2-இல் உள்ள 1-ஐ கண்ட்ரோலோடு இழுத்தால் வரிசை எண் வந்துவிடும். கால்க்கில் பின்கோட்டை கண்ட்ரோலோடு இழுத்தால் எல்லா வரியிலும் 630001 நிற்கும். "பில் 101" மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து, எண்ணில் முடிகிற பெயர்கள் இரண்டிலுமே ஏறும். அதை நிறுத்தவும் கண்ட்ரோல்தான்.

ஒன்றுவிட்டு ஒன்று, ஐந்து ஐந்தாக என்று வேறு இடைவெளி வேண்டுமானால் முதல் இரண்டு செல்லை நாமே அடித்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இழுக்க வேண்டும். 5, 10 என்று இருந்தால் 15, 20 என்று போகும்.

இழுத்து முடித்த பிறகு மனம் மாறினால்

எக்செல்லில் இழுத்து விட்டதும் கடைசி செல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அதைக் கிளிக் செய்தால் 'காப்பி செல்ஸ்', 'ஃபில் சீரீஸ்' என்று வரும். முதலாவது நகல், இரண்டாவது வரிசை. கூடவே 'ஃபில் வித்அவுட் ஃபார்மேட்டிங்' என்று ஒன்று இருக்கும். பார்டரும் வண்ணமும் இல்லாமல் விவரத்தை மட்டும் இறக்க அது உதவும். அடுத்த செல்லில் எதையாவது அடித்தால் பெட்டி மறைந்துவிடும்.

எக்செல்லில் மவுஸின் வலது பொத்தானால் இழுத்து விட்டாலும் ஒரு பட்டியல் வரும். தேதியாக இருந்தால் அதில் மாதவாரியாக, வருடவாரியாக நிரப்பவும் வழி உண்டு. மாதச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு 'ஃபில் மந்த்ஸ்' நல்ல துணை: 05-02-2026-இல் தொடங்கினால் 05-03-2026, 05-04-2026 என்று இறங்கும்.

தேதி ஏறாமல் வருடம் ஏறினால்

நம் பக்கத்தில் தேதியைப் புள்ளி வைத்து 05.02.2026 என்று எழுதுவது வழக்கம். இந்தியாவுக்கான அமைப்பில் உள்ள எக்செல் பொதுவாக இதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். எழுத்து எண்ணில் முடிகிறதா, இழுத்தால் அந்தக் கடைசி எண் ஏறும். 05.02.2027, 05.02.2028 என்று வருடம் வருடமாகப் போகும்.

தேதி இடது பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலது பக்கம் ஒட்டி நின்றால் அது உண்மையான தேதி. நாமே இடம் மாற்றி வைக்காத வரை இந்த அடையாளம் போதும். கோடு போட்டு 05-02-2026 என்றோ 05/02/2026 என்றோ அடியுங்கள். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் இதை மே 2 என்று படித்துவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜனை இந்தியாவுக்கு மாற்றினால் சரியாகும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தொல்லை கதவு எண். 12/3 என்று அடித்தால் மார்ச் 12 ஆகிவிடும். அடிக்கும் முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் எழுத்தாகவே நிற்கும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள் நிறைந்த ஊரில் கதவு எண்ணே குழப்பம்தான், அதில் மார்ச் மாதம் வேறு வேண்டாம்.

இழுக்காமலே நிரப்புவது

எனக்குப் பிடித்த முறை இதுதான். முந்நூறு வரியை மவுஸால் இழுத்தால் கை வழுக்கி ஐந்நூறுக்குப் போய் நிற்கும். அதற்குப் பதில்:

1. இடது மேல் மூலையில் செல் பெயர் காட்டும் பெட்டியில் பி2:பி301 என்று அடித்து என்டர் தட்டுங்கள். முந்நூறு செல்லும் தேர்வாகிவிடும்.
2. கண்ட்ரோல் + டி அழுத்துங்கள்.

மேல் செல்லில் இருப்பது அப்படியே கீழே இறங்கும். தேதியோ எண்ணோ, எதுவும் ஏறாது. எக்செல், கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் இதே சாவிதான். வலப்பக்கம் நிரப்ப எக்செல்லிலும் ஷீட்ஸிலும் கண்ட்ரோல் + ஆர்.

ஃபார்முலாவை இழுக்கும்போது

மொய்யை விட்டு டைல்ஸுக்கு வருவோம். ஆத்தங்குடி டைல்ஸ் எட்டு அங்குலச் சதுரம் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 டைல்ஸ் பிடிக்கும் (144-ஐ 64-ஆல் வகுத்தால் வருவது). பி1-இல் 2.25 என்று அடியுங்கள். இரண்டாம் வரிசையைக் காலியாக விடுங்கள். மூன்றாம் வரிசையில் தலைப்புகள்: இடம், சதுர அடி, டைல்ஸ். நான்கிலிருந்து செட்டிநாட்டு வீட்டின் பகுதிகள் ஒவ்வொன்றாக: முகப்பு 240, பட்டாலை 120, வளவு 400, பெட்டகசாலை 80.

சி4-இல் =பி4*பி1 என்று போட்டால் 540 வரும். சரிதான். இதை இரண்டு வரி, மூன்று வரி கீழே இழுத்தால் என்ன ஆகும்?

பட்டாலைக்கு 0 என்று வரும். வளவுக்கு வேல்யூ என்று ஒரு பிழைச் செய்தி வரும். பெட்டகசாலைக்கு 19,200 டைல்ஸ் என்று வரும்! எண்பது சதுர அடிக்கு அத்தனை டைல்ஸ் இறக்கினால் வண்டி தெருவுக்குள்ளேயே திரும்பாது.

நடந்தது இதுதான். ஒரு வரி கீழே போனதும் ஃபார்முலாவில் இருக்கும் இரண்டு முகவரியும் ஒரு படி இறங்கின. பட்டாலை வரியில் =பி5*பி2. பி2 காலி, அதனால் பூஜ்யம். வளவு வரியில் =பி6*பி3. பி3-இல் "சதுர அடி" என்ற தலைப்பு இருக்கிறது. எழுத்தை எண்ணால் பெருக்க முடியாது. பெட்டகசாலை வரியில் =பி7*பி4, அதாவது 80-ஐ முகப்பின் 240-ஆல் பெருக்கிவிட்டது. மூன்றில் இந்தக் கடைசித் தப்புதான் ஆபத்தானது, பார்க்க ஒழுங்கான எண் மாதிரியே இருக்கும்.

சதுர அடி இறங்கத்தான் வேண்டும். 2.25 இருக்கும் செல் இறங்கக் கூடாது. இறங்கக் கூடாததற்கு டாலர் குறியால் ஆணி அடிக்க வேண்டும்:

1. சி4-ஐ டபுள் கிளிக் செய்து உள்ளே போங்கள்.
2. பி1 என்ற இடத்தில் கர்சரை வைத்து எஃப்4 சாவியைத் தட்டுங்கள். அது $பி$1 ஆகும். லேப்டாப்பில் வேலை செய்யாவிட்டால் எஃப்என் சாவியோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் டாலர் குறியைக் கையாலேயே அடிக்கலாம்.
3. என்டர் தட்டி, மறுபடி சி4-ஐ இழுங்கள்.

540, 270, 900, 180. உடைசலுக்கு எவ்வளவு கூட்டுவது என்பது கொத்தனாரைக் கேட்டு முடிவு செய்யும் விஷயம்.

கண்ட்ரோல் பிடித்து இழுத்தாலும், கண்ட்ரோல் + டி போட்டாலும் ஃபார்முலா முகவரிகள் இறங்கவே செய்யும். அங்கே டாலர் குறி ஒன்றுதான் கட்டுப்பாடு.

நம் பட்டியலை அதற்குச் சொல்லிக்கொடுப்பது

ஆங்கிலத்தில் ஜனவரி என்று அடித்து இழுத்தால் பிப்ரவரி வருகிறதே, சித்திரையை இழுத்தால் வைகாசி வருமா? சொல்லிக்கொடுத்தால் வரும். எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்க் கீழே இறங்கினால் 'எடிட் கஸ்டம் லிஸ்ட்ஸ்' இருக்கும். கால்க்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க், 'சார்ட் லிஸ்ட்ஸ்'. பட்டியலை வரிக்கு ஒன்றாக அடித்து ஆட் கொடுத்தால் முடிந்தது.

நகரத்தாரில் புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) எழுதுகிறவர்கள், தங்கள் சமூகத்தின் ஒன்பது நகரக் கோவில்களையும் இப்படி ஏற்றிவைத்துக்கொள்ளலாம்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரு பெயரை அடித்து இழுத்தால் மற்ற எட்டும் வரிசையாக வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆனால் ஒன்று. பட்டியலை ஏற்றிய பிறகு இந்தப் பெயர்கள் வெறும் எழுத்தாக நடந்துகொள்ளாது. பிள்ளையார்பட்டிக் கோவில் புள்ளிகளை மட்டும் ஐம்பது வரி எழுத நினைத்து இழுத்தால் அடுத்த வரியே இளையாற்றங்குடிக்குத் தாவிவிடும். அங்கேயும் கண்ட்ரோல், அல்லது கண்ட்ரோல் + டி. வேறு கணினிக்குப் போனால் அங்கே பட்டியலைப் புதிதாக ஏற்ற வேண்டும். ஏற்கெனவே நிரப்பிய வரிகளுக்கு ஒன்றும் ஆகாது.

மூலைச் சதுரமே வேண்டாம் என்றால்

கடையில் பல பேர் கைபடும் கணினி என்றால் இழுப்பதையே நிறுத்திவைக்கலாம். எக்செல்லில் அதே அட்வான்ஸ்டு பக்கத்தின் மேல்பகுதியில் 'எனேபிள் ஃபில் ஹேண்டில்' என்று தொடங்கும் வரியில் டிக்கை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் + டி அப்போதும் வேலை செய்யும். உங்கள் கணினியில் மூலைச் சதுரம் திடீரென்று காணாமல் போயிருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த டிக்கைத்தான்.

"கா" என்று அடித்த உடனே காரைக்குடி என்று தானாக முடித்துவைக்கிறதே, அது வேறு வசதி. அதை எக்செல்லில் அதே பக்கத்தில் 'ஆட்டோகம்ப்ளீட்' என்ற வரியிலும், கால்க்கில் டூல்ஸ் மெனுவில் 'ஆட்டோஇன்புட்' என்ற இடத்திலும் நிறுத்தலாம். காரைக்குடியும் கானாடுகாத்தானும் மாறி மாறி வருகிற மொய் நோட்டில் நான் அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.