ஃப்ளூ வைரஸின் மரபணு வரிசையைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இன்ஃப்ளூயன்சா வரிசைகளை அடுக்கி, எது எதிலிருந்து வந்தது என்று காட்டும் கிளைமரம் வரைந்து ஆர்வத்தோடு எடுத்துவருகிறார்கள். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். மாதிரிப் பெயர் மாறிப்போவது, கோப்பு தொலைவது போன்றவற்றைத் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முட்டையில் நடந்ததை மனிதரிடையே நடந்ததாகப் படிப்பது

இதைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாணவர் எச்3என்2 என்ற ஃப்ளூ வகையின் வரிசைகளை வைத்து மாதக்கணக்கில் உழைத்திருந்தார். வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளூட்டினின் புரதத்தின் 194ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் புரோலின் வந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நாடுகளில் தனித்தனியாக வந்திருக்கிறது. ஆகவே வைரஸ் தடுப்பூசிக்குத் தப்பும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது என்பது அவர் முடிவு. இந்த வைரஸ்கள் எதில் வளர்க்கப்பட்டவை என்று கேட்டேன். ஜிஸெய்ட் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசையோடும் வரும் பாசேஜ் விவரத்தை, அதாவது வைரஸ் எதில் வளர்க்கப்பட்டது என்ற குறிப்பை, தேவையில்லை என்று அவர் நீக்கியிருந்தார். திரும்ப எடுத்துப் பார்த்தோம். அத்தனையும் கோழிமுட்டையில் வளர்த்தவை.

மனிதரின் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை பெரும்பாலும் 2,6 பிணைப்பு கொண்டது. முட்டையில் வைரஸ் வளரும் பையின் செல்களில் இருப்பதோ 2,3 பிணைப்பு. இந்த அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் கைதான் ஹீமாக்ளூட்டினின். முட்டைக்குள் போன வைரஸ் பிழைக்க வேண்டுமானால் பிடியை மாற்றியாக வேண்டும். மாற்றம் விழுவதும் பிடிக்கும் இடத்தைச் சுற்றியே. நம் ஆன்டிபாடிகள் வந்து ஒட்டுவதும் அங்கேதான். அதனால் அது அசல் பரிணாமம் போலவே தோன்றுகிறது. பல நாடுகளில் ஒரே மாற்றம் தனித்தனியாக வந்தது என்பதையே அவர் ஐயப்பட்டிருக்க வேண்டும். எல்லா நாட்டு ஆய்வகங்களிலும் முட்டை ஒன்றுதானே!

இதே தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 2012-13 பருவத் தடுப்பூசியின் எச்3என்2 பகுதிக்கு ஏ/விக்டோரியா/361/2011 தேர்வானது. பரவிய வைரஸ்கள் உலக சுகாதார நிறுவனம் தேர்ந்த அந்த மூல வைரஸோடு ஒத்துப்போயின. ஆனால் பாதுகாப்பு குறைவாக இருந்தது. தடுப்பூசிக்காக முட்டையில் வளர்த்த வைரஸில் 156, 186, 219 ஆகிய இடங்கள் மாறியிருந்ததைக் கனடிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயரை மட்டும் ஒப்பிட்டவர் ‘நல்ல பொருத்தம்’ என்று எழுதியிருப்பார். பிறகு 2016-17இல் மீண்டும் இதே கதை. அப்போது பரவிய பெரும்பாலான எச்3என்2 வைரஸ்களின் 160ஆம் இடத்தருகே ஒரு சர்க்கரைச் சங்கிலி புதிதாக வந்திருந்தது. முட்டையில் வளர்ந்த தடுப்பூசி வைரஸ் அங்கே த்ரியோனினை லைசினாக மாற்றிக்கொண்டு, அந்தச் சர்க்கரையை இழந்துவிட்டது.

செல்களில் வளர்த்தால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். நாய்ச் சிறுநீரகச் செல்களில் வளரும் எச்3என்2 வைரஸில் நியூராமினிடேஸ் என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தின் 151ஆம் இடம் மாறுவதுண்டு. அப்போது நியூராமினிடேஸே சிவப்பணுக்களைப் பற்றத் தொடங்கி, அதே சிவப்பணுக்களைக் கொண்டு ஹீமாக்ளூட்டினினை அளக்க வைத்த சோதனையைக் குழப்பிவிடும்.

மரம் வரையும் முன் பாசேஜ் விவரப்படி பிரியுங்கள். நோயாளியின் மாதிரியிலிருந்து நேராக எடுத்த வரிசைகளை முதலில் படியுங்கள். செல்லில் வளர்ந்தவை அடுத்து. முட்டையில் வளர்ந்தவற்றைத் தனியே வையுங்கள்; தடுப்பூசியின் பொருத்தத்தைப் பார்க்கும்போது மட்டும் அவற்றை எடுங்கள், அப்போது கட்டாயம் எடுங்கள்.

இட எண்

எச்3 ஹீமாக்ளூட்டினினின் முதல் 16 அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்டுப் போகும். கட்டுரைகள் அதற்குப் பிறகுதான் எண்ணத் தொடங்கும்; மென்பொருள் அவற்றையும் சேர்த்து எண்ணக்கூடும். மென்பொருள் 176 என்றால் கட்டுரைகளில் அது 160.

பி/யமகாட்டா கிடைத்துவிட்டதா?

2020 மார்ச்சுக்குப் பிறகு பி வகை ஃப்ளூ வைரஸின் இந்தக் கிளை இயற்கையாகப் பரவியதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தக் கிளையின் வலுக்குறைத்த வைரஸ் அடங்கிய, மூக்கில் தெளிக்கும் உயிர்த் தடுப்பூசி பெற்ற குழந்தையா என்று முதலில் விசாரியுங்கள்; கிடைத்தது தடுப்பூசி வைரஸாகவே இருக்கலாம்.

எல்லா ஊருக்கும் ஒரே பருவம்

ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கூட்டினால் இரண்டுமே மறைந்துவிடும்.

19 சதவீதம்

2014-15இல் அமெரிக்காவில் தடுப்பூசியின் பயன் 19 சதவீதம் என்று வந்ததும், ‘நூறு பேரில் 19 பேருக்குத்தான் வேலை செய்தது’ என்று பலர் எழுதினார்கள். ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டால், போட்டவர்கள் ஃப்ளூவால் மருத்துவரிடம் போக நேர்ந்த வாய்ப்பு 19 சதவீதம் குறைந்தது என்பதே அதன் பொருள். 2014 பிப்ரவரியில் தடுப்பூசி வைரஸ்களைத் தேர்ந்தெடுத்த பிறகே, மாறிய எச்3என்2 வைரஸ்கள் பெருகின. அந்தக் கூட்டு எண்ணுக்குள் எச்3என்2-க்கு எதிரான பயன் வெறும் 6 சதவீதம். அதே ஊசி பி/யமகாட்டாவுக்கு எதிராக 55 சதவீதப் பயன் தந்தது.