கீமோகைன் சோதனைகளில் நேரும் தவறுகள்

கீமோகைன்களைப் புதிதாகக் கையாள்வோர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, புரதத்தின் அளவைக் கூட்டினால் விளைவும் கூடும் என்று நம்புவதுதான். வெள்ளையணுக்களை ஓரிடத்துக்கு வரவழைக்கும் இச்சிறு புரதங்களில், மனித உடலில் மட்டும் ஏறத்தாழ 50 அறியப்பட்டுள்ளன. வெள்ளையணு தேடிச் செல்வது, இப்புரதத்தின் செறிவு எந்தத் திசையில் ஏறுகிறதோ அந்தத் திசையைத்தான். எல்லாப் பக்கமும் அதன் ஏற்பிகள் (கீமோகைன் வந்து பொருந்தும் செல்மேற்பரப்பு மூலக்கூறுகள்) நிரம்பிவிட்டால் திசை தெரியாமல் அது நின்றுவிடும். ஆகையால் நகர்வை வரைபடமாக இட்டால் மணி வடிவமே கிடைக்கும்: செறிவு குறைந்தாலும் நகர்வு இல்லை, மிகுந்தாலும் இல்லை. ஒரே செறிவில் சோதித்துவிட்டு வாங்கிய புரதம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், மில்லிலிட்டருக்கு 1, 10, 100, 1000 நானோகிராம் என்று படிப்படியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1962-இல் ஸ்டீபன் பாய்டன் விவரித்த, நுண்துளைச் சவ்வால் பிரிக்கப்பட்ட இரட்டை அறையில், கீழறைக்கு இறங்கிய செல்கள் அனைத்தும் ஈர்க்கப்பட்டே வந்தன என்று கொள்வது அது. புரதம் செல்களை வெறுமனே பரபரப்பாக்கியிருந்தாலும் அவற்றுள் சில கீழே இறங்கும். மேலறையிலும் கீழறையிலும் ஒரே செறிவை இட்டு ஒப்பிட்டால் இந்த ஐயம் தீரும். சவ்வின் துளையும் முக்கியம்: வெள்ளையணு வகைகளான நியூட்ரோஃபில்களுக்கு 3 மைக்ரான், லிம்ஃபோசைட்டுகளுக்கு 5 மைக்ரான் துளைகள் வழக்கம், புற்றுநோய்ச் செல்களுக்கான 8 மைக்ரான் சவ்வைப் பயன்படுத்தினால் சிறிய செல்கள் தாமாகவே நழுவி விழுந்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது புரதத்தின் முன்முனை, அதாவது அதன் அமினோ அமிலச் சங்கிலி தொடங்கும் முனை. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த சிசிஎல்5 என்னும் கீமோகைனின் தொடக்கத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் ஒன்றே ஒன்று கூடுதலாக ஒட்டியிருந்தபோது, அது ஏற்பியில் பொருந்தியும் அதைத் தூண்டவில்லை. உண்மையான சிசிஎல்5-ஐயும் தடுத்தது. 1996-இல் ஜெனீவாவில் அமண்டா பிரவுட்ஃபுட் குழுவினர் இதனை வெளியிட்டனர். தூண்டி எப்படித் தடுப்பானாக மாறியது என்று பார்த்தால், கூடுதலாக வந்தது ஓர் அமினோ அமிலம் மட்டுமே. எனவே புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் சுத்திகரிப்பு ஒட்டுகளை (கூடுதல் அமினோ அமிலத் துண்டுகளை) முன்முனையில் விட்டுவைக்கலாகாது. தேவையெனில் பின்முனையில் வைக்கலாம்.

உடலுக்குள்ளும் முன்முனை மாறுவதால் கீமோகைனின் செயல் மாறுகிறது. டிபிபி4 என்னும் நொதி சிஎக்ஸ்சிஎல்10, சிஎக்ஸ்சிஎல்12 ஆகிய கீமோகைன்களின் முன்முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிடுகிறது. புரதத்தின் அளவை எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் வழக்கமான எலிசா சோதனை முழுப் புரதத்தையும் கத்தரித்ததையும் சேர்த்தே எண்ணுவதால், அளவு உயர்ந்திருப்பதைச் செயல் உயர்ந்திருப்பதாக வாசிக்கக் கூடாது. நீரிழிவுக்கு சிட்டாகிளிப்டின் எடுப்போரின் மாதிரிகளை மற்றவர்களுடையவற்றோடு கலந்து கணக்கிடுவதும் சரியல்ல. அம்மருந்து தடுப்பது இதே நொதியைத்தான். சீரத்தையும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) பிளாஸ்மாவையும் (உறையவிடாமல் பிரித்த நீர்) மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் எளிதாக நேரும் பிழை: இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் சிசிஎல்5, சிஎக்ஸ்சிஎல்4 ஆகியவற்றைக் கொட்டுவதால் சீரத்தில் அவற்றின் அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும்.

இவ்வளவு சிறிய புரதத்தைக் குறைந்த செறிவில் வெறும் கரைசலாக வைத்தால், அது குழாயின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீத ஆல்புமின் என்னும் புரதத்தைச் சேர்த்து, சிறு பகுதிகளாகப் பிரித்து உறைய வைப்பது நல்லது. பாக்டீரியாவிலிருந்து வந்த புரதத்தில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள நச்சுப்பொருள்) கலந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் அதற்கே மறுமொழி தந்து, தாமாக சிஎக்ஸ்சிஎல்8 என்னும் கீமோகைனைச் சுரந்துவிடும். புரதத்தைக் கொதிக்க வைத்த பின்னும் மறுமொழி குறையாமல் நின்றால் ஐயம் எண்டோடாக்சின் மீதே விழும்; அது கொதிநிலைக்கு எளிதில் அழியாது.

பெயர் எண்களையும் நம்பிவிடக் கூடாது. சிஎக்ஸ்சிஎல்12 பொருந்தும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4, எண் 12 அன்று. சிஎக்ஸ்சிஎல்8 மரபணு சுண்டெலியில் இல்லவே இல்லை. ஆகவே சுண்டெலிச் சோதனையில் அதைத் தேடுவது வீண், சிஎக்ஸ்சிஎல்1, சிஎக்ஸ்சிஎல்2 போன்றவற்றையே அளக்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் சி57 பிளாக் 6 என்னும் ஆய்வகச் சுண்டெலி இனத்தில் சிஎக்ஸ்சிஎல்11-உம் உருவாவதில்லை.

மருத்துவத்தில் நேரும் தவறு, ஓர் ஏற்பியை அடைத்தால் நோய் நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு. ஒரே ஏற்பியில் பல கீமோகைன்களும், ஒரே கீமோகைன் பல ஏற்பிகளிலும் பொருந்துவதால், அழற்சி நோய்களுக்கான இத்தகைய மருந்துகளில் பல சோதனைக் கட்டத்திலேயே தோற்றன. 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மராவிராக் என்னும் எச்ஐவி மருந்து சிசிஆர்5 ஏற்பியை மறைக்கிறது; ஆனால் நோயாளியின் வைரஸ் சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழைவதாக இருந்தால் அது பயன்படாது. அதனால்தான் மாத்திரை எழுதும் முன், வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்பதை மருத்துவர் சோதித்தாக வேண்டும்.