மறுமணத்துக்குப் பின் பிள்ளைக்கு ஜீவனாம்சம்

பாம்பனிலோ கீழக்கரையிலோ புது மாமியார் வீட்டுக்குப் போனதும் முதலில் காதில் விழுவது: "இனி பிள்ளைக்குப் பணம் கேட்க முடியாது." இது தவறு. மறுமணத்தால் நிற்பது மனைவிக்கான ஜீவனாம்சம்தான். பிள்ளைக்கானது 18 வயது வரை பெற்ற தகப்பனின் கடமை. இரண்டாவது கணவர் சோறு போடுகிறார் என்பதால் அது தீராது.

பழைய உத்தரவில் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை போட்டிருந்தால்தான் சிக்கல். பிள்ளையின் பங்கைத் தனியே பிரித்துத் தரும்படி மனுப் போடுங்கள் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 146). உத்தரவு நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

பணத்தைக் கையில் வாங்காதீர்கள். மீனவரான முன்னாள் கணவர் மீன் ஏலக்கூடத்தில் கொடுத்ததாகச் சொல்வார், மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. வங்கிக் கணக்கில்தான் வரவேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. "கடலுக்குப் போகவில்லை" என்று அவராகவே நிறுத்தினால் அது நிலுவையாகவே ஏறும். குறைக்க அவர்தான் நீதிமன்றம் போகவேண்டும். விசைப்படகு அவர் பெயரில் இருந்தால் பதிவு விவரத்தை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், 'வெறும் கூலி' என்ற வாதம் நிற்காது.

நிலுவை மனுவுக்குக் கெடு ஒரு வருடம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: சமாதானப் பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும். அவர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாறியிருந்தால் அங்குள்ள நீதிமன்றத்திலேயே உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம். சிறைக்குப் போனாலும் பாக்கி கழியாது.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு: தொலைபேசி 15100.