ஆண்டிறுதி விடுமுறையில் திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்கு: வழியில் புயல்மழை குறுக்கிட்டால் குடும்பப் பயணத்தை மாற்றியமைக்கும் முறை

திருகோணமலையில் பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறையும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை வலுக்கும் நாட்களும் சேர்ந்தே வருகின்றன. வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் இலங்கையை நெருங்குவதும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். 1964 டிசம்பரில் இக்கரையைத் தாக்கிவிட்டுச் சென்ற புயலே தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தில் மண்சரிவுகளையும் தாழ்நிலங்களில் பெருவெள்ளத்தையும் ஏற்படுத்தி நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. இருந்தும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகப் புறப்படக்கூடிய நாட்கள் ஆண்டில் வெகு சில என்பதால், பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எவருக்கும் உதவாது. எங்கே நிற்பது, எங்கிருந்து திரும்புவது என்பவற்றை வீட்டிலிருக்கும்போதே முடிவு செய்துகொண்டு புறப்படும் முறையை, முதன்முறையாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் வாகனம் ஓட்டவிருப்பவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பாதையை மூன்று துண்டுகளாக எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாக ஹபரணை வரை முதல் துண்டு, ஹபரணையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி வரை இரண்டாவது துண்டு, கண்டியிலிருந்து கம்பளை, ரம்பொடை வழியாக நுவரெலியா வரை மூன்றாவது துண்டு என்று பிரித்து எழுதுங்கள். முதல் துண்டு ஏறத்தாழ 85 கிலோமீற்றர். கண்டி வரையான மொத்தத் தூரம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் ஏறத்தாழ 77 கிலோமீற்றர் மலைப்பாதை. ஒவ்வொரு துண்டின் முடிவிலும், அவசியமானால் ஓர் இரவு தங்கக்கூடிய உறவினர் வீடு அல்லது விடுதி ஒன்றின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே, "பின்வருவனவற்றில் ஒன்று நடந்தால் இதற்கு அப்பால் போகமாட்டோம்" என்று எழுதி நிபந்தனைகளை இடுங்கள்: மாலை நான்கு மணிக்குள் கண்டியை அடையாவிட்டால், நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால், வீதியில் நீர் ஓடினால். இந்த நிபந்தனைகளை வாகனத்தில் வரும் பெரியவர்கள் அனைவரும் முன்னதாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். மழையில் நின்றுகொண்டு பேசத் தொடங்கினால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற ஒரு சொல்லே எல்லா நியாயங்களையும் வென்றுவிடும்.

என் கணிப்பில் இப்பாதையில் முடிவெடுக்க மிகச் சிறந்த இடம் ஹபரணைச் சந்தி. தம்புள்ளைக்கும், பொலன்னறுவைக்கும், மரதன்கடவல வழியாக அநுராதபுரத்துக்கும், திரும்பித் திருகோணமலைக்கும் அங்கிருந்து வீதிகள் பிரிகின்றன. மலை ஏறுவது சரியில்லை என்று தெரிந்தால் அநுராதபுரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம், பிள்ளைகளுக்கு விடுமுறையும் வீணாகாது. இதற்காகவே, நுவரெலியா விடுதிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். திரும்பக் கிடைக்காத முற்பணம், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவிடாமல் தடுக்கும்.

படி 2: மூன்று எச்சரிக்கைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்

மழையையும் காற்றையும் வளிமண்டலவியல் திணைக்களமும், ஆற்று வெள்ளத்தை நீர்ப்பாசனத் திணைக்களமும், மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அறிவிக்கின்றன. மழை முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுவது போதாது. முன்னறிவிப்பில் "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று வருமானால், ஒரு சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் மட்டும் ஒரு இலட்சம் தொன் நீர் விழப்போகிறது என்று பொருள். அந்த நீர் விழுந்த இடத்திலேயே நிற்பதில்லை.

இந்த இடத்தில்தான் நம் மாவட்டத்தவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலையகத்தில் பிறக்கும் மகாவலி, நமது கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. கண்டிப் பக்கத்தில் பெய்த மழை, நம்மிடத்தில் வானம் வெளுத்த பின்னரும் பொலன்னறுவைத் தாழ்நிலத்தையும் மூதூர், வெருகல் பகுதிகளையும் மூழ்கடிக்கக்கூடும். மழை விட்டுவிட்டது என்பதற்காக மட்டக்களப்பு வீதியிலோ மன்னம்பிட்டி வழியாகவோ புறப்பட்டவர்கள் பாதி வழியில் வெள்ளத்தைக் காண்பது இதனாலேயே. குளங்கள் வான் பாயத் தொடங்கினாலோ, வான் கதவுகள் திறக்கப்பட்டாலோ, ஒரு மணிநேரத்துக்கு முன் காய்ந்திருந்த வீதி நீருக்குள் போய்விடும். ஆகவே போகும் பாதைக்கு மட்டுமன்றி, அப்பாதையைக் கடக்கும் ஆறுகளின் மேற்பகுதிக்கும் எச்சரிக்கை உள்ளதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். பொலிஸ் அவசர அழைப்புக்கு 119, இலவச நோயாளர் காவு வண்டிக்கு 1990 ஆகியவற்றை எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

படி 3: வாகனமும் பொதிகளும்

டயர், வைப்பர், பிரேக், முன்விளக்கு ஆகிய நான்கையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர், பிஸ்கட், பேரீச்சம்பழம், ஜீவனிப் பொதிகள், முதியவர்களின் மருந்துகள் மூன்று நாளுக்குக் கூடுதலாக, குழந்தைக்குப் பால்மா, டோர்ச், பவர் பேங்க், போர்வை, அடையாள அட்டைகளை வைத்துக் கட்டிய பொலித்தீன் பை ஆகியவற்றை இருக்கைக்கு அருகில் வையுங்கள். பின்பெட்டியின் அடியில் கிடக்கும் மருந்து நடுவழியில் கைக்கு வராது. சோற்றுப் பொதியை முதல் நாள் மதியத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 4: விடியும்போது புறப்பட்டு, வெளிச்சத்திலேயே நிறுத்துங்கள்

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில் யானைகள் வீதியைக் கடக்கும். மழை இருட்டில் அவை மிக நெருங்கிய பிறகே கண்ணுக்குத் தெரியும். வீதியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் இரவில் கணிக்க முடியாது. எனவே இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பதை மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலத்த மழையில் முன்விளக்கைத் தாழ்நிலையில் எரியவிட்டு, முன்செல்லும் வாகனத்துக்கு வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விடுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடி நோக்கித் திருப்புங்கள். டயருக்கும் வீதிக்கும் இடையில் நீர்ப்படலம் புகுந்து திசைமாற்றி திடீரென இலேசானதுபோல் தோன்றினால், பிரேக்கை அழுத்தாமல் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடித்திருங்கள்.

படி 5: வீதியின் குறுக்கே நீர் ஓடினால்

நிறுத்துங்கள். இதைவிட முக்கியமான வரி இக்கட்டுரையில் வேறில்லை.

வாகனம் பாரமானது, நீர் அதை அசைக்காது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு சிறிய காரின் அடித்தளம் ஏறத்தாழ ஆறு சதுர மீற்றர். நீர் அந்த அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு பத்து சென்ரிமீற்றர் உயரும்போதும் ஏறத்தாழ 600 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை உண்டாகிறது. காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம் என்றால், அடித்தளத்துக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உயரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், 30 சென்ரிமீற்றர் ஆழமான நீரிலேயே டயர்கள் வீதியை விட்டு எழத் தொடங்கும். அதன்பின் பிரேக்கும் திசைமாற்றியும் பயன்படா. 60 சென்ரிமீற்றர் ஓடும் நீர் வான், ஜீப் போன்ற பெரிய வாகனங்களையும் இழுத்துச் செல்லக்கூடியது. 2024 நவம்பரில் காரைதீவுப் பகுதியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது உயரமான சக்கரங்களைக் கொண்ட வாகனம். முன்னால் ஒரு லொறி கடந்து போனது என்பது நீங்களும் போகலாம் என்பதற்கான சான்று ஆகாது.

நீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலாதீர்கள். காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அமுங்காத அந்த நீர் உள்ளிருக்கும் தண்டுகளை வளைத்துவிடும். கதவைத் திறக்க முடியாவிட்டால் யன்னலை இறக்கி, சிறுவர்களை முதலில் வெளியேற்றி, நீரோட்டம் குறைந்த பக்கமாக மேட்டுக்குச் செல்லுங்கள். ஹைபிரிட் வாகனமாயின் செம்மஞ்சள் நிற வயர்களை எவரும் தொடக்கூடாது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள நம் உறவினர்கள், பனிப்புயலில் சிக்கினால் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள் என்று கற்றிருப்பார்கள். அங்கு அது சரியானது: கடுங்குளிரில் வாகனமே தங்குமிடம், புகைபோக்கியைப் பனி மூடாமல் பார்த்துக்கொண்டு உள்ளேயே காத்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்து உங்களோடு பயணிக்கும் அவர்களுக்கு, இங்கே நீர் ஏறத் தொடங்கினால் வாகனத்தை விட்டுவிட்டு மேட்டுக்குப் போவதே முறை என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 6: மலைப்பாதையில்

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் அக்குறணை நகரம் திடீர் வெள்ளத்துக்குப் பெயர் பெற்றது. கண்டிக்கு அப்பால் வெள்ளத்தைவிட மண்சரிவையே அதிகம் கவனிக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். மஞ்சள் அறிவிக்கப்பட்டாலே குடும்பப் பயணத்தைக் கண்டியில் நிறுத்திவிடுவது என் பரிந்துரை. வழியில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருப்பது, வீதியில் புதிய வெடிப்பு, சரிவிலிருந்து சேற்றுநீர் புதிதாக ஊற்றெடுப்பது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நிற்பது ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்தில் படம் பிடிக்கவும் நிற்காமல் விலகிச் செல்லுங்கள். செங்குத்துச் சரிவின் கீழ் வாகனத்தை நிறுத்தி மழை விடும்வரை காத்திருப்பது பலரும் செய்யும் ஆபத்தான வழக்கம்.

படி 7: இடைவழியில் தங்க நேர்ந்தால்

வீதி மூடப்பட்டால் படி 1இல் எழுதிய இடத்துக்குத் திரும்புங்கள். அதுவும் இயலாவிட்டால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலோ கிராம அலுவலரிடமோ கேளுங்கள். பாடசாலை, கோயில், விகாரை, பள்ளிவாசல் எதுவாயினும் திறந்துவிடப்பட்டிருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருப்பவர்களுக்கு இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அலைவரிசை பலவீனமாக இருக்கும்போது அழைப்பைவிடக் குறுஞ்செய்தியே போய்ச் சேரும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டபடி வாகனத்தில் உறங்காதீர்கள். மணமில்லாத நச்சுப்புகை உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

படி 8: வீடு திரும்பிய பின்

வாகனம் ஆழமான நீரில் நின்றிருந்தால் என்ஜின் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் தேநீர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. வாகனத்தை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். காப்புறுதி கோருவதானால், கழுவுவதற்கு முன் நீர் ஏறிய அடையாளத்தைப் படம் எடுத்துவையுங்கள். வெள்ளநீரில் இறங்கி நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தசைநோவு, கண் சிவத்தல் ஏற்பட்டால் பனடோலோடு வீட்டில் இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குச் சென்று, எந்த நாளில் எங்கே வெள்ளநீரில் நின்றீர்கள் என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.