விரலை முதலில் எடுங்கள்: நிலைமின்சாரப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் நிலைமின்சாரத்தை (தேய்த்த பொருளில் தங்கும் மின்னூட்டத்தை) ஜூன், ஜூலையில் செய்துகாட்ட நினைப்பதே முதல் தவறு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் காற்றெல்லாம் ஈரம். ஸ்கேல் மீதும் துணி மீதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்திருக்கும். தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அதன் வழியே கசிந்து போய்விடும். கார்த்திகையில் வறண்ட விருச்சிகக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசத் தொடங்கி, தையில் உதடு வெடிக்கிற சமயத்தில் செய்து பாருங்கள், அதே ஸ்கேல் சொன்ன பேச்சு கேட்கும். மழைக்காலத்திலேதான் செய்தாக வேண்டுமென்றால், எல்லாவற்றையும் குண்டு பல்பின் அருகே காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பைத் தேய்க்க வேண்டாம். (எண்ணெய் வைக்காத தலையை நம் வகுப்பில் தேடிப் பிடிப்பதே தனி வேலை.)

விடைத்தாளில் தவறாமல் வரும் வரி, "உராய்வால் மின்னூட்டம் உண்டாகிறது." புதிதாக எதுவும் உண்டாவதில்லை. கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்தால் கோலின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் துணிக்குப் போகின்றன. கோலுக்கு எவ்வளவு நேர் மின்னூட்டமோ, துணிக்கு அவ்வளவு எதிர் மின்னூட்டம். புரோட்டான் அணுக்கருவை விட்டு நகராது. ஆகவே "கோலுக்கு நேர் மின்னூட்டம் வந்து சேர்ந்தது" என்று எழுதினாலும் தப்புதான்.

ஸ்கேல் காகிதத் துணுக்கை இழுத்தவுடனே காகிதத்துக்கும் மின்னூட்டம் இருப்பதாக முடிவு கட்டுவார்கள். மின்னூட்டம் இல்லாத பொருளையும் அது இழுக்கும். விலக்கினால் மட்டுமே இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதிகம் சொதப்புவது தூண்டலில்தான், அதாவது தொடாமலே மின்னூட்டம் ஏற்றுவதில். ஜாம் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி வழியே செம்புக் கம்பியை இறக்கி, அடியில் மெல்லிய அலுமினியத் தாளில் இரண்டு இலை தொங்கவிட்டால், மின்னூட்டம் இருப்பதை இலை விரித்துக் காட்டும் நிலைமின்காட்டி தயார். கம்பளியால் தேய்த்த பி.வி.சி. பைப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கும். அதைக் கம்பியின் உச்சிக்கு அருகே, தொடாமல் கொண்டுபோங்கள். எலக்ட்ரான்கள் கீழே தள்ளப்பட்டு இலைகள் விரியும். பைப்பை நகர்த்தாமல் உச்சியை விரலால் தொட்டால், அவை உடம்பு வழியே தரைக்கு இறங்கி இலைகள் ஒட்டிக்கொள்ளும். கம்பியில் எந்த இடத்தைத் தொட்டாலும் இதே கதைதான்.

இனி விரலை முதலில் எடுக்க வேண்டும், பைப்பைப் பிறகு. இலைகள் மறுபடி விரியும். இப்போது இருப்பது நேர் மின்னூட்டம். பைப்பை முதலில் எடுத்துவிட்டால், போன எலக்ட்ரான்கள் விரல் வழியாகவே திரும்பி வந்துவிடும், இலைகள் அசையாது. "பாட்டில் கெட்டுப்போச்சு சார்" என்று பிள்ளைகள் சொல்வது இந்த இடத்தில்தான்.

பைப் தெரியாமல் கம்பியைத் தொட்டுவிட்டாலும் இலைகள் விரியும், ஆனால் அது எதிர் மின்னூட்டம். சந்தேகமாக இருந்தால் தேய்த்த பைப்பை மறுபடி மெல்ல அருகே கொண்டுபோங்கள். இலைகள் சுருங்கினால் தூண்டல் சரியாக நடந்திருக்கிறது. இன்னும் விரிந்தால் பைப் கம்பியில் பட்டிருக்கிறது, விரலால் தொட்டுக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.