லாயர் அறைக்குள் தனியாகப் போங்கள்

சிங்கப்பூர் வந்த புதிதில் யாரும் லாயரைப் பற்றி யோசிப்பதில்லை. சம்பளம், தங்குவிடுதி, ஊருக்குப் பணம் அனுப்புவது, இதற்கே நேரம் சரியாகப் போய்விடும். ஆனால் காப்பிக்கடையில் ஒரு கைகலப்பு போதும். சாதாரணக் காயம் ஏற்படுத்தினாலே இங்கே 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

நடைமுறையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். போலீசில் வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். படித்துக் காட்டச் சொல்லி, தப்பைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வேலை அனுமதி போனால், வழக்கு முடியும்வரை இங்கே தங்கத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஸ்பெஷல் பாஸ்தான். வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசாங்கத்தின் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நம்மைப் போன்றவர்கள் கையில் காசில்லை என்றால் ‘புரோ போனோ எஸ்ஜி’ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஊர் ஞாபகத்தில் “ஸ்டேஷன்ல பேசி முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதிகாரியிடம் பணத்தை நீட்டினால் அது தனி வழக்கு.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி, கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலை. காப்பிக்கடை வாசலில் ஒருவனை அடித்துவிட்டான். லாயர் சீனர். “தமிழ் தெரிந்த ஆளை ஏற்பாடு செய்கிறேன்” என்று அவர் முதல் நாளே சொன்னார். எதற்கு வெட்டிச் செலவு, 12 வருஷமாக இங்கே இருக்கிறேன், நானே சொல்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெருமை வேறு. அவன் சொன்னது: “திட்டினான், லேசா தள்ளினேன், விழுந்துட்டான்.” நான் அதை அழகான இங்கிலீஷில் சொன்னேன். லாயர் அப்படியே அரசுத் தரப்புக்கு எழுதினார். பதிலுக்கு வந்தது கேமரா பதிவு. தள்ளவில்லை, இரண்டு குத்து.

அதுகூடப் பெரிதில்லை. கேமராவுக்கு எட்டாத பின்சந்தில் அந்த ஆள்தான் முதலில் ஹெல்மெட்டால் இவனை அடித்திருக்கிறான். புருவம் வீங்கிய போட்டோ இவன் போனிலேயே இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் எதற்கு அடித்தான் என்று கேட்பார்கள். சீட்டாட்டக் கடன். ஊரில் மாடி போட நான் கொடுத்த 2,000 வெள்ளி அதில்தான் போயிருந்தது. என்னை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வான்?

லாயரிடம் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும் கூடாது. அவருக்காக வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளரையும் அதே சட்டம் கட்டுப்படுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சானை, ஊர்க்காரரை, சூப்பர்வைசரைக் கட்டுப்படுத்தாது. நடந்து முடிந்த தப்பைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் “சாட்சியை மாத்திப் பேசச் சொல்லவா, மெசேஜை அழிக்கவா” என்று உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடித்ததை ஒப்புக்கொண்டுவிட்டு “அடிக்கலைன்னு சொல்லுங்க” என்றால், அதை நீதிமன்றத்தில் அவர் சொல்லவும் மாட்டார். அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று வேண்டுமானால் வாதாடுவார்.

குற்றச்சாட்டைக் கொடுத்து வாக்குமூலம் வாங்கும்போதே எச்சரிக்கிறார்கள்: இப்போது சொல்லாமல் விட்டதை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்று. ஹெல்மெட் கதை அப்படித்தான் ஆனது, ஜோடித்ததுபோல. 2023 அக்டோபர் முதல், தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் 30 சதவீதம் வரை குறைக்கலாம் என்று வழிகாட்டி இருக்கிறது. அந்தக் காலத்தை நாங்கள் “லேசா தள்ளினேன்” என்பதிலேயே கழித்துவிட்டோம். மூன்று வாரம் சிறை, பிறகு ஊர்.

உண்மை வெளியே வந்தது மூன்றாவது சந்திப்பில். லாயர் எனக்குத் தெரியாமல் தமிழ்ப் பெண் ஒருத்தியை வரவழைத்திருந்தார். “அங்கிள், நீங்க கீழ போய் ஒரு தே குடிச்சிட்டு வாங்களேன்” என்றாள். எனக்கு வயசு 38. இரண்டு தே குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சைனாடவுனில் ரயில் ஏறி, கிளார்க் கீ தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். “மச்சான், அந்த ரெண்டாயிரம்...”